களத்தின் ஓரத்தில் நிற்பவர்

தெருவிளையாட்டுகளை இன்றைய குழந்தைகளுக்குக் கற்பிக்க முன்வருவோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல், அவ்விளையாட்டுகள் எக்காலத்திலும் பெரியவர்களால் கற்பிக்கப்பட்டவை அல்ல என்பதாகும். கிட்டிப்புள்ளையும் பம்பரத்தையும் பாண்டியையும் எட்டு வயதுக் குழந்தைகள் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிக்கொண்டனர். பெற்றோரோ, இருட்டியபின் வீட்டுக்கு வரச்சொல்லிக் குரல் கொடுப்பதோடு தம் பங்கை முடித்துக்கொண்டனர். வயதில் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு ஆட்டம் கைமாறிவந்த அந்தத் தொடர்ச்சி அறுந்துபோன இடங்களில்தான் பயிற்றுநர் ஒருவர் தேவைப்படுகிறார். ஆனால் அவர் களத்தில் வந்து நின்றவுடனேயே குழந்தைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்குகின்றனர். தம் வருகையே தாம் காக்க விரும்பும் ஒன்றைக் கலைத்துவிடக் கூடும் என்பதை உணர்ந்து, அதற்கேற்ப நடந்துகொள்வதே இப்பணியின் அடிப்படைத் திறன்.

தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்னும் நூல், இத்துறையில் இறங்குவோர் எவரும் ஒதுக்க முடியாத தொகுப்பாகும். ஆட்டங்களை ஆண்பால், பெண்பால் என்று பிரித்து, அவற்றைப் பகலாட்டு, இரவாட்டு, இருபொழுதாட்டு என வேளை நோக்கி அவர் வகைப்படுத்தியிருப்பது, விளையாட்டு என்பது வெளிச்சத்தோடும் காற்றோடும் பருவத்தோடும் பிணைந்து கிடந்ததைத் தெளிவாகக் காட்டுகிறது. தமிழகத்தின் பல ஊர்களில் பட்டம் ஆடிக்காற்றை எதிர்பார்த்திருக்க, இலங்கையின் வல்வெட்டித்துறையில் அது தைப்பொங்கலையொட்டி வீசும் வடகீழ்க் காற்றில் ஏறுகிறது; ஒரே பொருள், ஆனால் காற்று வரும் திசைக்கேற்ப அதன் காலம் மாறுகிறது. பாடவேளை அட்டவணைக்குள் இவ்விளையாட்டுகளை அடைக்க முயலும் பள்ளிகள் இந்த எளிய உண்மையைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

கிட்டிப்புள்ளை எடுத்துக்கொண்டால் இப்பணியின் நுணுக்கங்கள் பலவும் விளங்கும். பாவாணர் சில்லாங்குச்சு என்று குறிப்பதும், வேறு பகுதிகளில் கில்லி என்று வழங்குவதும் இதுவே. ஏறத்தாழ ஒரு முழத்துக்கு மேற்பட்ட நீளமுள்ள கோல் ஒன்றும், இரு முனைகளும் கூராகச் சீவப்பட்ட சிறு குச்சியான புள் ஒன்றும் இதற்குப் போதும். முனைகள் சீவப்பட்டிருப்பதால் தரையில் கிடக்கும் புள்ளின் நடுப்பகுதி மட்டுமே மண்ணைத் தொடுகிறது. ஆகவே ஒரு முனையைக் கோலால் தட்டியதும் அது சுழன்றபடி மேலே எழும்புகிறது, எழும்பிய புள் கீழிறங்குமுன் அதை மீண்டும் அடித்துத் தொலைவுக்குச் செலுத்த வேண்டும். கிரிக்கெட் மட்டையைப் பிடித்துப் பழகிய குழந்தை முதல் தட்டிலேயே தோள்பட்டையின் வலிமை முழுவதையும் செலுத்திவிடுவதால், புள் எழும்பாமல் தரையோடு உருண்டு ஓடுகிறது. மணிக்கட்டால் மெல்லத் தட்டுவது, எழும்பும் உயரத்தைக் கண்ணால் தொடர்வது, பிறகே கையை வீசுவது என்னும் வரிசையைச் சொல்லால் விளக்குவதைவிட, ஆடத் தெரிந்த இன்னொரு குழந்தையை அருகில் நிறுத்திவிடுவது விரைவில் பலன் தருகிறது.

புள்ளால் கண்ணில் காயம் படக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. முனைகளைக் குத்தும் அளவுக்குக் கூர்மையாக்காமல் சற்று மழுக்கி விடுவது, அடிப்பவருக்கு நேர் எதிரே நெருக்கமாக எவரையும் நிற்கவிடாமல் பக்கவாட்டிலும் தொலைவிலும் நிறுத்துவது, வேடிக்கை பார்ப்போருக்கு அடிப்பவரின் முதுகுப்புறத்தில் இடம் ஒதுக்குவது ஆகிய மூன்றிலும் பயிற்றுநர் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இவை அவருடைய பொறுப்பு. இவற்றுக்கு அப்பாற்பட்டவற்றுள் பெரும்பாலானவை குழந்தைகளுடைய பொறுப்பு. இந்த எல்லைக்கோட்டை எங்கே கிழிப்பது என்பதில்தான் ஒருவருடைய அனுபவம் வெளிப்படுகிறது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு நடைபெறும் அணிப் பிரிப்பு, ஆட்டத்துக்குச் சற்றும் குறையாத மதிப்புடையது. உத்தி பிரித்தல் எனப்படும் முறையில், இரு தலைவர்கள் அமைந்தபின், ஏறத்தாழ ஒத்த திறமையுள்ள இருவர் இருவராகக் குழந்தைகள் தனியே சென்று, ஆளுக்கொரு மறைபெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, அப்பெயர்களுள் எது வேண்டும் என்று தலைவரைக் கேட்பர். தலைவருக்குப் பெயர் மட்டுமே தெரியுமாதலால் வேண்டியவரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. இணையானவர்களே சோடி சேர்ந்திருப்பதால் இரு அணிகளும் தாமாகவே சமவலிமை பெறுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிவரை எவராலும் தேர்ந்தெடுக்கப்படாமல் நிற்கும் குழந்தையின் தலைகுனிவு இம்முறையில் நேர்வதில்லை. தமக்கு இணை யார் என்று ஒவ்வொரு குழந்தையும் நேர்மையாக மதிப்பிட்டாக வேண்டியிருப்பது இதன் இன்னொரு சிறப்பு. நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, வரிசையில் நிறுத்தி ஒன்று இரண்டு என எண்ணி அணி பிரிக்கும் பயிற்றுநர் இவ்வளவையும் ஒரு நொடியில் இழக்கச் செய்கிறார்.

இதற்கு நிகரான இன்னோர் ஏற்பாடு ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் சேர்க்கப்பட்டும், ஆட்டமிழந்ததாகக் கணக்கில் கொள்ளப்படாத மிகச் சிறிய குழந்தைக்கு அப்பெயர் வழங்கியது. அண்ணனோ அக்காளோ இடுப்பில் சுமந்து வந்த தம்பிக்கும் தங்கைக்கும் களத்தில் ஓடும் உரிமையை அது கொடுத்தது. ஓடி ஓடியே அவர்கள் ஆட்டத்தின் விதிகளை அறிந்துகொண்டனர். வகுப்பு வாரியாக, ஒரே வயதினரை மட்டும் ஒன்றாக விளையாட விடும் இன்றைய அமைப்பில் இத்தகைய குழந்தைக்கு இடமில்லை. ஆகவே, வயது கலந்த கூட்டத்தை வலிந்து உருவாக்குவது பயிற்றுநர் செய்யத்தக்க வேலைகளுள் முதன்மையானது.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா, நூஷாத்தெல் நகரங்களில் கோலி விளையாடிய சிறுவர்களைக் கவனித்த ழான் பியாஜே, 1932-இல் வெளியான தம் நூலில், சிறு வயதினர் விதிகளை மூத்தோர் அருளிய மாற்றவொண்ணாக் கட்டளைகளாகக் கொள்வதையும், பத்துப் பன்னிரண்டு வயதினர் அவற்றைத் தமக்குள் ஒப்புக்கொண்டு மாற்றத்தக்க உடன்பாடாகக் காண்பதையும் எடுத்துக்காட்டினார். களத்தில் நிற்போர் இதனோடு மற்றொன்றையும் சேர்த்துக் காண முடிகிறது: பெரியவர் ஒருவர் நடுவராக அமர்ந்துவிட்டால், பன்னிரண்டு வயதுக் குழந்தைகளும் தம் உரிமையைக் கைவிட்டு, “சார், இது அவுட்டா?” என்று கேட்கும் நிலைக்குத் திரும்பிவிடுகின்றனர். ‘அழுகுணி ஆட்டம்’ என்று ஒருவர்மீது குற்றம் சாட்டுவதும், அவர் கோபித்துக்கொண்டு வெளியேறுவதும், அவரில்லாமல் ஆள் குறைவதால் மற்றவர்கள் இறங்கிவந்து சமாதானம் பேசுவதும் நேரத்தை வீணாக்குபவை போலத் தோன்றினாலும், விளையாட்டின் மிக உயர்ந்த பயன் அங்குதான் விளைகிறது. கைகலப்பாக மாறாதவரை அச்சச்சரவைப் பொறுத்திருந்து பார்ப்பது கடினம். தலையிட வேண்டும் என்ற உந்துதல் நல்லெண்ணத்தால் எழுவதாதலால் அதை அடக்குவது அதனினும் கடினம்.

உடல்நலம் சார்ந்த பயன்கள் பலராலும் பேசப்பட்டவையாதலால் இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 5 முதல் 17 வயது வரையிலானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிட்டப்பார்வை, அதாவது தொலைவிலுள்ளவை மங்கலாகத் தெரியும் குறைபாடு, திறந்தவெளியில் கழிக்கும் நேரத்தோடு தொடர்புடையது என்பது அண்மைக்காலத்தில் உறுதிப்பட்டிருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரத் தொடக்கப்பள்ளிகளில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், பள்ளிநாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருந்த குழந்தைகளிடம் மூன்றாண்டுகளில் 30.4 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களிடம் 39.5 விழுக்காட்டினருக்கும் அக்குறைபாடு தோன்றியிருந்தது.

கடந்தகால விளையாட்டை நினைவுகூர்வோர் தவிர்த்துவிடும் பகுதியும் உண்டு. எல்லாத் தெருக் குழந்தைகளும் எல்லாத் தெருவிலும் விளையாட முடிந்ததில்லை. சாதியின் எல்லை பல ஊர்களில் ஆட்டக்களத்தின் எல்லையாகவும் இருந்தது. பெண்குழந்தைகள் பூப்பெய்தியதும் திண்ணைக்கும் முற்றத்துக்கும் ஒதுக்கப்பட்டனர். பாவாணரின் பால்வகைப் பிரிப்பே அந்நிலையைப் பதிவுசெய்திருக்கிறது. பழைய ஆட்டங்களை மீட்கிறோம் என்போர் இவ்விலக்குகளையும் சேர்த்து மீட்டுவிடக் கூடாது. பெண்கள் கிட்டிப்புள் அடிப்பதும் ஆண்கள் கல்லாங்காய் பிடிப்பதும் ஒரே மாலையில் இயல்பாக நிகழும் களமே இன்றைக்குத் தகுந்த களம்.

குழந்தையின் விளையாட்டு உரிமையை ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு 1989-இலேயே ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று கூறுகிறது. திடல் இருந்தும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ விட்டுக்கொடுக்கும் வழக்கம் மறைந்தபாடில்லை. தெருக்களையோ வாகனங்கள் எடுத்துக்கொண்டன. ஆகவே பயிற்றுநர் பல வேளைகளில் அடுக்குமாடிக் குடியிருப்பின் சிமெண்டுத் தரையில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. அங்கே புள்ளைக் குறுக்கே வைப்பதற்கான குழியைத் தோண்ட வழியில்லாததால், இரு செங்கற்களைச் சிறு இடைவெளி விட்டு வைத்து அவற்றின் குறுக்கே புள்ளை வைக்கலாம். எடை குறைந்த மரத்தில் புள்ளைச் செதுக்கிக்கொள்ளலாம். நிறுத்தியிருக்கும் காரின் அடியில் புள் புகுந்துகொண்டால் என்ன கணக்கு என்ற கேள்விக்குப் பழைய ஆட்டத்தில் விடையில்லை. அப்பக்கம் அடித்தால் ஆட்டம் போயிற்று என்று ஒரு குழு முடிவு செய்யலாம். புகுந்த இடத்திலிருந்தே தொலைவைக் கோலால் அளக்கலாம் என்று இன்னொரு குழு வாதிடலாம். கார்க் கண்ணாடிக்கும் ஆட்டத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டு, மற்ற வழக்கை அவர்களே பேசித் தீர்க்க விடுவது பயிற்றுநருக்கு அழகு.