கரியா, கேஸா?

போன வருஷம் மே மாதம் டல்லாஸில் மகன் வீட்டில் இருந்தோம். வெயில் காலம் தொடங்கினால் அங்கே வீட்டுப் பின்புறத்தில் கிரில் அடுப்பை வைத்து, எதையாவது சுட்டுச் சாப்பிடுவது வழக்கம். நாங்கள் சைவம் என்பதால் எங்களுக்குச் சோளக்கதிர், கத்தரிக்காய், குடமிளகாய், பனீர். மகனுடைய பழைய கரி அடுப்பு துருப்பிடித்திருந்தது. புதிதாக வாங்குவது கரி அடுப்பா, கேஸ் அடுப்பா என்று வீட்டில் பட்டிமன்றமே நடந்தது.

நான் கரிக் கட்சி. கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் குமுட்டி அடுப்பு இருந்தது. தணலில் வாட்டிய அப்பளம், சுட்ட கத்தரிக்காய்த் துவையல் என்று பழைய பெருமையெல்லாம் எடுத்துவிட்டேன்.

மருமகள் கேஸ் கட்சி. "ஆஃபீஸ் விட்டு வந்து யாருப்பா கரி பத்த வைக்கிறது? கேஸ்னா குமிழைத் திருப்பினா பத்து நிமிஷத்துல சூடாயிடும்" என்றாள்.

மகன் நடுவர். "கரியில சூடு அதிகம், கொஞ்சம் மர வாசனையும் சேரும். ஆனா சுட்ட வாசனைல பாதி, காய்லேருந்து எண்ணெயும் சாறும் சொட்டிக் கருகற புகைதான். அது கேஸ்லயும் உண்டு" என்றான். நான் விடவில்லை. "சரிப்பா, ஞாயித்துக்கிழமை பழைய அடுப்புல நீங்களே பத்த வைங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விசிறியும் கையுமாக உட்கார்ந்தேன். காகிதம் எரிந்தது, கரி எரியவில்லை. கண்ணில் புகை. அரை மணி கழித்து மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "குமுட்டியைப் பத்த வெச்சது உங்க அம்மா. நீங்க அப்பளம் தின்னவர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உண்மைதான். கொட்டாங்குச்சியைப் போட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் தெளித்து, குனிந்து விசிறியவள் அம்மா. நான் ஒரு நாளும் அதைச் செய்ததில்லை.

ஒருவழியாகக் கரி சாம்பல் பூத்துக் கனிந்தது. கதிரை வைத்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. "கராஜுக்குள்ள தள்ளிடுவோம், கதவைக் கொஞ்சம் திறந்து வெச்சா போதும்" என்றேன். எதற்கும் அதிர்ந்து பேசாத பிள்ளை, "கூடவே கூடாதுப்பா!" என்று கத்திவிட்டான். "கரிலேருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. முதல்ல தலைவலி, அப்புறம் மயக்கம், அப்புறம் உயிரே போயிடும்." அடுப்பை மூடி போட்டு மழையிலேயே விட்டோம். பாதி வெந்த கதிர் சமையலறைக்குப் போனது.

அந்தத் தலைவலி என்ற வார்த்தை மட்டும் என்னை விடவில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாரல் அடிக்கிறது என்று அம்மா சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டுக் குமுட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் நெற்றியில் சுக்குப் பற்று போட்டுக்கொண்டு கூடத்தில் படுத்திருப்பாள். "அம்மாவுக்கு ஒத்தைத் தலைவலி, சத்தம் போடாதே" என்பார் அப்பா. மழைக்காலத்தில் மட்டும் அது ஏன் வருகிறது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. கரிதான் காரணம் என்று இன்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வீட்டுக்கு கேஸ் வந்த பிறகு அவள் சுக்கு இழைத்து நான் அதிகம் பார்த்ததில்லை.

நம் ஊரிலும் மார்கழிக் குளிருக்குத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்த வாரம் கேஸ் அடுப்பே வாங்கினார்கள். அதையும் வீட்டுக்குள் வைத்து எரிக்கக் கூடாதாம், வெளியில்தான். மருமகள் குமிழைத் திருப்பிவிட்டு எங்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். கதிர் நன்றாகவே இருந்தது. அப்பளம் மட்டும் குமுட்டியில் வாட்டியது மாதிரி வரவில்லை.

சொல்ல வாயெடுத்தேன். பிறகு பேசாமல் சாப்பிட்டேன்.