லட்சியத்துக்கு எத்தனை மணி நேரம்?

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இந்திய இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் பற்றிப் பேசிய காணொளி பரவியது. ஞாயிற்றுக்கிழமையும் ஊழியர்களை வேலை செய்யவைக்க முடியவில்லையே என்ற வருத்தமும் அதில் இருந்தது. இரண்டு முறையும் நாடெங்கும் வாக்குவாதம் மூண்டது. இந்தத் தலைமுறைக்கு உழைக்கத் தெம்பில்லை என்றது ஒரு தரப்பு. நிம்மதிதான் பெரிது, ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றது இன்னொரு தரப்பு. முன்னேற வேண்டும் என்ற துடிப்பும் நெடுநேர வேலையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. ஒருவர் என்னவாக விரும்புகிறார் என்பது ஒரு கேள்வி. அவருடைய நாளை யார் தீர்மானிக்கிறார் என்பது வேறு கேள்வி. மனம் நொறுங்குவது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியின் விடையால்தான். முதலாவதன் மீது பழியைப் போடுவதால், உழைத்து மேலே வரத் துடிக்கும் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்கிவிடுகிறோம்.

நேரம் கூடினால் விளைச்சலும் கூடும் என்ற நம்பிக்கையை முதலில் பார்க்கலாம். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் பெண்கள் வாரக்கணக்கில் ஓய்வின்றி வேலை செய்தார்கள். வெடிமருந்துத் தொழிலாளர்களின் நிலையை ஆராய 1915இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. ஒவ்வொரு வாரமும் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், எவ்வளவு உற்பத்தி செய்தார்கள் என்ற பதிவுகள் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 2014இல், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் அந்தப் பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டார். சுமார் 49 மணி நேரம் வரை, நேரம் கூடிய அளவுக்கு உற்பத்தியும் கூடியிருக்கிறது. அதைத் தாண்டியதும் ஒவ்வொரு கூடுதல் மணியின் பலனும் சுருங்கிக்கொண்டே போயிருக்கிறது. 70 மணி நேரம் உழைத்த வாரத்துக்கும் 56 மணி நேரம் உழைத்த வாரத்துக்கும் உற்பத்தியில் பெரிய வித்தியாசமே இல்லை. ஞாயிறு ஓய்வு பறிபோன வாரங்களில் மொத்த விளைச்சலே அடிவாங்கியிருக்கிறது. நாட்டின் உயிர் ஊசலாடிய போர்க்காலம் அது. அந்தப் பெண்களுக்கு உழைப்பின் மீது அக்கறை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. இத்தனைக்கும் அவர்கள் செய்தது எண்ணிப் பார்க்கக்கூடிய பொருள். தலையால் செய்யும் வேலையில் களைப்பின் சேதம் அன்றே தெரியாது. இரவு பதினொரு மணிக்கு எழுதிய நிரலின் பிழை மூன்று வாரம் கழித்து வாடிக்கையாளர் கண்ணில் படும். அதைச் சரிசெய்ய இன்னொரு இரவு போகும், அந்த இரவும் கடின உழைப்பின் கணக்கில்தான் சேரும்.

உடலும் மனமும் கொடுக்கும் விலையும் அளக்கப்பட்டிருக்கிறது. லண்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வுகள் புகழ்பெற்றவை. அவற்றின் இரண்டாம் கட்டத்தில், தொடக்கத்தில் மனச்சோர்வு நோய் இல்லாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியானது. தினம் 7, 8 மணி நேரம் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், 11 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தவர்களுக்குக் கடும் மனச்சோர்வு வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். 2021இல் உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இன்னும் கடுமையானது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். 2016 என்ற ஒரே ஆண்டில் இதனால் உலகெங்கும் இறந்தவர்கள் சுமார் 7,45,000 பேர் என்று அவை மதிப்பிட்டன.

ஆனால் என்னை அதிகம் யோசிக்கவைப்பது ஒயிட்ஹாலின் இன்னொரு முடிவு. முதல் ஆய்வில், கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம் உச்சப் பதவியில் இருந்தவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் போன்றவை இந்த இடைவெளியின் ஒரு பகுதியைத்தான் விளக்கின. தன் வேலையை எப்படி, எந்த வேகத்தில் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் ஆபத்து கூடுகிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வு காட்டியது. பொறுப்பும் லட்சியமும் நிறைந்த மேல்நிலை அதிகாரிகள் ஒப்பீட்டளவில் நலமாக இருந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆசைப்பட்டதால் ஆள் சாய்வதில்லை. மணிக்கணக்கு எல்லை மீறுவதும், அதன் மேல் தனக்கு எந்தப் பிடியும் இல்லாமல் போவதும் சேரும்போது சாய்கிறார்.

ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் இந்த இரண்டும் சேர்வது கடிகாரத்தாலேயே நடக்கிறது. நியூயார்க்கில் கோடைக்காலக் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. கலிஃபோர்னியாவில் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 9.30. காலையில் வந்து சேர்ந்த டீம், அங்கிருப்பவர் அலுவலகம் வந்து கணினியைத் திறக்கும் வரை 'கால்' தொடங்காமல் காத்திருக்கிறது. ஷிப்ட் என்று சொல்லிவிட்டால் காலையில் தூங்கலாம். ஆனால் பொது நேர வேலையோடு இரவுப் பேச்சும் சேர்ந்தே வருகிறது. டைம்ஷீட்டில் எட்டு மணி நேரம் என்று நிரப்பப்படுகிற ஒரு நாள், உண்மையில் பதின்மூன்று மணி நேரம் நீண்டிருக்கும். அப்ரைசல் நேரத்தில் ரேட்டிங் தருபவரின் நினைவில் நிற்பது, இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் உடனே பதில் போட்ட முகம். இதைச் செய்பவர் லட்சியவாதி என்று பெயர் வாங்குகிறார். அவருக்கு ஒரு புதிய தொழில்நுட்பம் கற்கவும் தேர்வெழுதவும் வேறு துறைக்கு மாறவும் ஆசை இருந்திருக்கலாம். அதற்கான நேரத்தைத்தான் அந்தப் பத்தரை மணி விழுங்கிவிட்டது.

போரில் சிதைந்த ஜெர்மனியும் ஜப்பானும் இப்படி உழைத்துத்தானே எழுந்தன என்பது நாராயண மூர்த்தியே முன்வைத்த வாதம். மதிப்போடு பதில் சொல்ல வேண்டிய வாதம் இது. மேற்கு ஜெர்மனி வேகமாக வளர்ந்துகொண்டிருந்த 1956இலேயே அதன் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, சனிக்கிழமை அப்பா எனக்குச் சொந்தம் என்று ஒரு குழந்தை சொல்லும் சுவரொட்டியோடு ஐந்து நாள் வாரத்துக்குப் போராடியது. 1967இல் உலோகத் தொழிலாளர்கள் 40 மணி நேர வாரத்தை அடைந்தார்கள். அதாவது செல்வம் பெருகப் பெருக அங்கே வேலை நேரம் குறைந்தது. ஜப்பான் வேறு வழியில் போனது. மிகை உழைப்பால் நேரும் மரணத்துக்கு 'கரோஷி' என்று தனிப் பெயர் வைக்கும் நிலைக்கு வந்தது. அதைத் தடுக்க 2014இல் தனிச் சட்டம் இயற்றியது; 2018 சட்டத்தில் மிகைநேர வேலைக்கு மாதம் 45 மணி நேரம், ஆண்டுக்கு 360 மணி நேரம் என்று பொது வரம்பு கட்டியது. அந்த நாட்டை உதாரணம் காட்டுபவர்கள் அது பின்னால் வருந்தித் திருத்தியதையும் சேர்த்தே காட்ட வேண்டும். நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் இரவுபகல் பாராமல் உழைத்தார்களே என்றால், உழைத்தார்கள்; மறுக்கவில்லை. அவர்களுக்கு அதில் பங்கு இருந்தது, எப்போது நிறுத்தலாம் என்ற முடிவும் அவர்கள் கையில் இருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு இரண்டும் இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு நம் ஊரிலிருந்தே வரும். முதல் பட்டதாரி சலுகையில் படித்து, கல்விக்கடன் தவணை கட்டிக்கொண்டு, தங்கை கல்யாணத்தையும் சுமந்து நிற்கும் பிள்ளைக்கு வேலை நேர வரம்பெல்லாம் கட்டுப்படியாகுமா? வீட்டில் வசதி உள்ளவர்கள் பேசும் பேச்சல்லவா இது? இந்தக் கேள்வியின் வலி உண்மையானது. ஆனால் அது எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று பாருங்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை 'இதற்கு மேல் முடியாது' என்று சொல்லிவிட்டு நோட்டீஸ் பீரியடில் போகலாம். சொல்ல முடியாமல் தவிப்பவர் கடன் உள்ளவர்தான். தனிமனிதரின் துணிச்சலுக்கு விட்டுவிட்டால் துணிய வழியுள்ளவர் மட்டுமே தப்பிப்பார். எல்லோருக்கும் பொதுவான விதி என்றால்தான் அந்த முதல் பட்டதாரி அச்சமில்லாமல் வீட்டுக்குப் போவார். 1923 மே 1 அன்று சென்னையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர், வேலை நேர வரம்புக்கான போராட்டத்தில் பிறந்த மே நாளை இந்தியாவில் முதல்முறையாகக் கொண்டாடியபோது அவரோடு நின்றவர்களும் வசதியானவர்கள் அல்லர்.

தியானம், உடற்பயிற்சி, ஆலோசகர் சந்திப்பு ஆகியவற்றை நான் தள்ளவில்லை. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்வதே பாரமாகத் தோன்றுகிற ஒருவர் சட்டம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி-மனஸ் இலவசத் தொலைபேசிச் சேவை தமிழிலும் பேசுகிறது. ஆனால் உலக சுகாதார அமைப்பு 2019இல் 'பர்ன்-அவுட்' எனப்படும் உருக்குலைவை நோயாக வகைப்படுத்தாமல், பணியிடத்தோடு தொடர்புடைய நிகழ்வாகவே வரையறுத்தது. நீண்டகாலப் பணியழுத்தம் சரியாகக் கையாளப்படாததன் விளைவு என்கிறது அந்த வரையறை. கையாள வேண்டிய பொறுப்பில் பெரும்பங்கு வேலையை வகுப்பவருக்கு உரியது. வெள்ளிக்கிழமை யோகா வகுப்பு நடத்திவிட்டு, திங்கள் முதல் வியாழன் வரை இரவுக் கால்களை அப்படியே வைத்திருந்தால் அந்தப் பொறுப்பு நிறைவேறாது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்ற விலக்கும் அதில் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒரு பதவியை ஒட்டிவிட்டால் யாரையும் அந்த விலக்குக்குள் தள்ளிவிட முடிகிற காலம் இது. இதே சட்டத்தைத்தான் 2021இல் திருத்தி, ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை தரப்பட்டது. வேலை நேரத்துக்குப் பிறகு அழைப்பை எடுக்காமலிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டிலும் சட்டத்தில் சேர்த்தன. அவசர வேலைகளுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கும் ஆஸ்திரேலியச் சட்டத்தில் விடை இருக்கிறது: எதற்காக அழைத்தார்கள், அந்தக் கூடுதல் நேரத்துக்கு ஊதியம் உண்டா, ஊழியரின் பொறுப்பு என்ன, வீட்டுச் சூழல் என்ன என்று பார்த்து, மறுத்தது நியாயமா என்று முடிவு செய்கிறார்கள். இந்திய மக்களவையிலும் 2018இல் சுப்ரியா சுலே இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. சட்டம் வரும் முன்பே ஒரு மேனேஜர் தன் டீமுக்குச் செய்யக்கூடியது உண்டு. இரவு 9.30 கால் தவிர்க்க முடியாதது என்றால், அதில் பேசுகிறவர் மறுநாள் மதியத்துக்கு மேல் வரலாம் என்று எழுத்தில் தரலாம். அந்த இரவு மணிகளை டைம்ஷீட்டில் உள்ளபடியே பதியச் சொல்லலாம். அப்ரைசலில் யார் எத்தனை மணிக்குப் பதில் போட்டார் என்பதை ஓரம் வைத்துவிட்டு, என்ன செய்து முடித்தார் என்று மட்டும் கேட்கலாம்.