அண்ணன் துப்பாக்கியா, தம்பி துப்பாக்கியா?

ஏற்காடு ஏரிக்குப் போனவர்கள் ஒரு தடவையாவது பலூன் சுட்டிருப்பீர்கள். படகுத்துறையை விட்டு வெளியே வந்தால் மிளகாய் பஜ்ஜி, மாங்காய்க் கீற்று, பக்கத்தில் ஒரு பலகை நிறைய பலூன். "சைட்டை வளைச்சு வெச்சிருப்பாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே காசு கொடுப்போம். அப்படி ஒரு கடை என் மாமாவுடையது. மே மாதக் கோடை விழாவுக்கு முன்னால் புது ஏர் ரைஃபிள் வாங்க வேண்டும், பி.காம். படிக்கிற மருமகன் கணக்குப் போட்டுச் சொல்லட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்.

பழைய கடைகளில் ஐ.எச்.பி. துப்பாக்கியை இன்றும் பார்க்கலாம். ஐ.எச்.பி. என்றால் இந்தியன் ஹியூம் பைப். ஆமாம், தண்ணீர்க் குழாய் செய்கிற அதே கம்பெனிதான்! இப்போது நம் ஊரில் அதிகம் அடிபடுகிற பெயர் பிரிசிஹோல். இவர்களுடைய மூலத் தொழிலும் உலோகத்தில் ஆழமாகத் துளை போடும் இயந்திரங்கள் செய்வது. துப்பாக்கிக்குழல் அவர்களுக்குக் கைவந்த கலை. மாமா முன்னால் இருந்த இரண்டும் இவர்களுடையவை: என்.எக்ஸ்.100 என்கிற தம்பி, விலை கூடின என்.எக்ஸ்.200 என்கிற அண்ணன். இரண்டிலும் 4.5 மி.மீ. குண்டுதான். இரண்டும் குழலை மடக்கி உள்ளே ஸ்பிரிங்கை அழுத்துகிற ரகம். அண்ணன் நீளம், கனம், வேகமும் அதிகம்.

"வேகம் ஜாஸ்தின்னா நல்லதுதானே?" என்றார் மாமா. இங்கேதான் கணக்கு வருகிறது. அரை கிராம் குண்டு விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 5.6 ஜூல். 200 மீட்டர் என்றால் 10 ஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அந்த ஆற்றல் வானத்திலிருந்து வருவதில்லை, மடக்குகிறவர் தோளிலிருந்து வருகிறது. பலூன் கடையில் மடக்குவது யார்? சுடுகிறவர் இல்லை, கடைக்காரர். கூட்டமுள்ள ஞாயிற்றுக்கிழமையில் முந்நூறு தடவைக்குக் குறையாது.

இன்னொரு விஷயம். மிளகு பறிக்கிற காலத்தில் மாமா எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவார், கடையைப் பார்ப்பது அத்தை. சேலத்துக் கடையில் இரண்டையும் அத்தை கையில் கொடுத்தோம். தம்பியை மடக்கிவிட்டார். அண்ணனைத் தொடையில் முட்டுக் கொடுத்து ஒரு தடவை மடக்கினார், இரண்டாவது தடவை சிரித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். என்னைப் பொறுத்தவரை முடிவு அங்கேயே ஆகிவிட்டது. அத்தையால் மடக்க முடியாத துப்பாக்கி வந்தால் அந்த மாதங்களில் கடைக்குப் பூட்டு. அந்த வருமானத்தில்தான் சின்னவனுடைய ஹாஸ்டல் ஃபீஸ் போகிறது. தேய்மானம், ஸ்ட்ரெய்ட் லைன் மெத்தட் எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எடுக்கவே இல்லை :-)

தவிர, பலூனை உடைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பதினைந்து அடி தூரத்தில் தம்பியே தாராளம். அண்ணனை வைத்தால் பின்னால் இருக்கிற பலகைதான் சீக்கிரம் சல்லடையாகும். குண்டு ஆணியிலோ தகரத்திலோ பட்டுத் திரும்பினால், பக்கத்தில் பஜ்ஜி தின்கிற பிள்ளையின் கண் என்ன ஆவது? எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் பலகைக்குப் பின்னால் சாக்குத்துணியைத் தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன். துணி குண்டை வாங்கிக்கொள்ளும், திருப்பி அனுப்பாது.

அப்படியானால் அண்ணன் வீணா என்றால், இல்லை. முப்பது நாற்பது மீட்டர் தள்ளித் தகர டப்பா வைத்துச் சுட்டுப் பழகுகிறவருக்கு அந்த வேகம் உதவும். ஆனால் கூடுதல் பணம் எப்போதும் வேகத்துக்கே போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. ஜெர்மனியின் வைராவ் கம்பெனி எச்.டபிள்யூ.30 என்கிற ஒரே துப்பாக்கியை இரண்டு விதமாக விற்கிறது. குழலும் உள் அமைப்பும் ஒன்றுதான். விலை கூடியதில் ரெக்கார்ட் என்கிற நல்ல விசை இருக்கும். ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டியைப் பாருங்கள். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய அதே போட்டி. அதில் குறியின் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. அங்கே பிடிக்கிற துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் விலை, ஆனால் குண்டின் வேகம் சுமார் 170 மீட்டர்தான். பணம் விசைக்கும், குறிபார்க்கும் சைட்டுக்கும், உடம்புக்கேற்ற கட்டைக்கும் போகிறது.

கடையில் ஒருவர் "எஸ்டேட்ல குரங்கு விரட்ட எது நல்லது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் இல்லை ஐயா. 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் இருந்தால் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. அதற்காகக் குரங்கையும் பறவையையும் சுடலாம் என்று அர்த்தமில்லை. 1972 வனவிலங்குச் சட்டம் அப்படியே இருக்கிறது. அந்தக் குண்டு குரங்கைக் கொல்லாது, புண்ணாக்கி ஒரு வாரம் சாகடிக்கும்.

மாமா இரண்டு தம்பிகளை வாங்கினார். ஒன்றை அவர் மடக்கிக் கொடுக்கும்போது இன்னொன்றில் ஆள் சுட்டுக்கொண்டிருக்கலாம், வரிசை நகரும். இந்த யோசனை அத்தையுடையது. மலைப் பனிக்குத் துரு சீக்கிரம் ஏறும் என்பதால் இராத்திரி எண்ணெய்த் துணியால் துடைக்கிற வேலை சின்னவனுக்கு. ஸ்பிரிங்கை அழுத்தியபடியே விட்டுவிடாதே என்று மட்டும் அவனுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.