கோலி சோடாவும் மீத்தேனும்



போன ஞாயிற்றுக்கிழமை பிரிஸ்பேனிலிருந்து ஒரு பழைய மாணவன் பேசினான். "சார், நம்ம மன்னார்குடியில வேண்டாம்னு நிறுத்தின மீத்தேனை இங்க விவசாய நிலத்துக்கு நடுவுல கிணறு கிணறா எடுக்கறாங்க. குழாய்ல கிளாட்ஸ்டோன் போய் கப்பல் ஏறுது. இன்னும் புதுக் கிணறு போட்டுக்கிட்டேதான் இருக்காங்க" என்றான். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க மத்திய அரசு ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. மறு வருஷம் ஜனவரியில் மாநில அரசும் கையெழுத்திட்டது. அப்போது என் மைத்துனர் கேட்டார்: "அத்தான், நீங்க சயின்ஸ் வாத்தியார். இதனால நமக்கு ஏதும் பாதிப்பு வருமா?" அவருக்கு மூன்று ஏக்கர், ஒரு போர். நான் யோசிக்கவே இல்லை. "கேஸ்தானே, குழாயில போயிடும். உன் வயலுக்கு என்ன?" என்றேன். அவர் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் ஊர் அது.

நான் வகுப்பில் கோலி சோடாவை உடைத்துக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? கோலியை அமுக்கினால் அழுத்தம் குறையும், வாயு பொங்கும். நிலக்கரியிலும் அதே கதைதான். மீத்தேன் கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது அங்குள்ள தண்ணீரின் அழுத்தம். வாயு வேண்டுமானால் முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும். மாதக்கணக்கில், சில இடங்களில் வருஷக்கணக்கில். வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதை எங்கே விடுவது? கீழே இறைத்துக்கொண்டே இருந்தால் மேலே உள்ள நல்ல தண்ணீர் கசிந்து இறங்காதா? நமக்குப் பக்கத்திலேயே கடல் வேறு. முப்பது வருஷம் சோடா பாட்டிலோடு பாடம் நடத்தியவனுக்கு இந்தக் கேள்விகள் தோன்றவில்லை.

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ப் பேசிய பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். அந்தப் போராட்டத்தின் நடுவிலேயே, 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டைப் பக்கம் அவர் காலமானார். அந்த வருஷம் ஜூலையில் இடைக்காலத் தடையும் நிபுணர் குழுவும் வந்திருந்தன. 2015இல் திட்டம் ஒரேயடியாக நின்றது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஆனாலும் 2023 ஏப்ரலில் வடசேரி நிலக்கரி ஏலப் பட்டியலில் இருந்ததைப் பார்த்தோம். எதிர்ப்புக்குப் பிறகு எடுத்தார்கள்.

குயின்ஸ்லாந்தில் ஒரு சட்டம் இருக்கிறதாம். வாயு எடுப்பதால் விவசாயியின் போரில் தண்ணீர் குறைந்தால் கம்பெனி அதைச் சரிசெய்து தர வேண்டும். நல்லதுதான். ஆனால் போர் பாதிக்கும் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறதே! இங்கே மூன்று ஏக்கர்காரர் எந்தக் கம்பெனியின் வாசலில் போய் நிற்பார்?

நேற்று மைத்துனர் வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா, படிக்காம சொல்லிட்டேன்" என்றேன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து! அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதை விடுங்க அத்தான், கரண்ட் வந்துடுச்சு" என்று மோட்டார் போடக் கிளம்பிவிட்டார்.