வெம்பிளிக் கூடம்

21–18, 21–16. எண்களோடு எனக்கு ஒருபோதும் பெரிய சிநேகம் இருந்ததில்லை. எனினும் இந்த நான்கு எண்கள் மட்டும், யாரும் கேளாமலே வந்து, சில இரவுகளில் என் சிந்தையில் உட்கார்ந்துகொள்கின்றன. 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் இலங்கைத் தேசக் கொடியை ஏந்தி நடந்தவரும், காலியிலே பிறந்தவருமான நிலூக கருணாரத்ன, ஜப்பானின் கெனிச்சி தாகோவைப் பூப்பந்தாட்டத்தில் தோற்கடித்த கணக்கு அது. தாகோ சாமானியர் அல்லர். அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்புதான் ஆல் இங்கிலாந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை சென்று, மலேசியாவின் லீ சோங் வேயிடம் நூலிழையில் வெற்றியைப் பறிகொடுத்தவர். அப்பேர்ப்பட்டவரை, கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டுக்கு உலகம் பெயர் சொல்லாத ஒரு சின்னத் தீவிலிருந்து போன ஒருவர், மூன்றாவது செட்டுக்கே இடம் வைக்காமல் வென்றார் என்பது அந்நாளில் யாரும் எதிர்பார்த்த சங்கதியன்று.

ஒலிம்பிக் நடந்த அவ்வருஷம் ரமழான் நோன்பு ஜூலை மாதத்தில் பிறந்திருந்தது. பகலெல்லாம் கச்சான் காற்று அடித்து, புழுதியை வாரி முகத்தில் இறைத்து, தொண்டையை உலர்த்தி, நோன்பாளியின் பொறுமையைப் பரீட்சித்துவிட்டு, இருட்டிய பின் ஒருவாறு தணியும். தராவீஹ் தொழுகை முடிந்து ஜனங்கள் பள்ளிவாசலிலிருந்து கலைந்ததும், சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை என்று கரையோரம் நெடுகிலும், வளவுக்கு வளவு மின்குமிழ்கள் ஏற்றப்பட்டு, பூப்பந்தாட்டம் ஆரம்பமாகிவிடும். நோன்பு மாதத்து இரவுகளுக்கும் இந்த விளையாட்டுக்கும் என்ன பந்தம் என்று நான் பலகாலும் யோசித்ததுண்டு. விடியுமுன் உண்ணும் சஹர் வரையில் விழித்திருக்க வேண்டிய இளம் உடம்புகளுக்கு, பக்கத்து வீட்டாரின் நித்திரையைக் கெடுக்காத, பெரிய மைதானம் வேண்டாத, இரண்டு மின்குமிழும் ஒரு கயிறும் இருந்தால் நடத்திவிடக்கூடிய விளையாட்டு வேறெதுவும் இல்லை என்பதொன்று. மற்றது, காற்று. கடல் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குக் காற்று ஒரு வீட்டு ஆளைப் போல. பகலில் அதனோடு வாதாடி யாரும் பூப்பந்து ஆட முடியாது. அது சற்றே கண்ணயரும் ராத்திரி வேளைதான் எங்கள் கரையில் இந்த ஆட்டத்துக்கு விதிக்கப்பட்ட வேளை.

எங்கள் தெருமுனை வளவில் கட்டப்பட்டிருந்த வலையை நான் அருகிலே நின்று பார்த்திருக்கிறேன். அது கடலுக்குப் போய் வந்து, கிழிந்து, கழிக்கப்பட்ட மீன்வலையின் ஒரு துண்டு. சர்வதேச விதிப்படி வலையின் மேல்விளிம்பில் மூன்று அங்குல அகலத்தில் வெள்ளைப் பட்டி இருக்க வேண்டும். இங்கே அந்த ஸ்தானத்தில், மருதமுனைக் கைத்தறிச் சாரனிலிருந்து கிழித்தெடுத்த ஒரு கரைத் துண்டு, நீலக் கோடுகளோடு, பெண்பிள்ளை ஒருத்தியின் நேர்த்தியான கையால் சிறு சிறு தையலாக இழைக்கப்பட்டிருந்தது. பந்து அந்த நீலக் கரையில் பட்டு, ஒரு கணம் தயங்கி, எந்தப் பக்கம் விழுவதென்று தீர்மானிக்காமல் நின்று, பிறகு எதிர்ப்பக்கம் சரிந்து விழும்போது எழுகிற ஆரவாரத்தை லண்டனிலே கேட்க முடியாது. எங்கள் வளவில் ஆடப்பட்டது பெரும்பாலும் பிளாஸ்டிக் பந்துதான். இறகுப் பந்து வாங்கினால் அது விசேஷ தினம். ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்த பதினாறு இறகுகளை, மெல்லிய தோல் போர்த்த தக்கையில் வட்டமாக நாட்டி, நூலால் இறுக்கி, ஐந்து கிராம் அளவிலே நிறுத்திய அந்தப் பொருளை, கையில் வாங்கிய பையன் முதலில் ஆடமாட்டான். மின்குமிழின் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, இறகு எதுவும் ஒடிந்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பான். இறகுகள் யாவும் ஒரு பக்கமாகவே வளைந்திருப்பதால்தான் பந்து தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு போகிறது. மட்டையிலிருந்து மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் புறப்பட்டாலும், விரிந்த இறகுகள் காற்றைப் பிடித்துக்கொள்வதால், எதிராளியை அடையுமுன் அவ்வேகத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. ஆவேசமாய்ப் புறப்பட்டுச் சாந்தமாய்ப் போய்ச் சேரும் இந்தச் சுபாவம் வேறெந்தப் பந்துக்கும் வாய்க்கவில்லை.

தாகோ தோற்ற செய்தி இந்த வளவுக்குத்தான் வந்து சேர்ந்தது. "காக்கா, நம்மட சிலோன் பொடியன் ஜப்பான்காரனை வெண்டுட்டானாம்!" என்று ஒருவன் கைத்தொலைபேசியை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தான். "மெய்தானா தம்பி?" என்று மட்டையை இறக்கினார் ஆடிக்கொண்டிருந்த மூத்தவர். "மெய்தான் காக்கா, ரெண்டு செட்டிலயும்." யுத்தம் ஓய்ந்து மூன்று வருஷங்களே ஆகியிருந்த காலம் அது; சுனாமியில் கடல் கொண்டுபோன வீடுகளின் அத்திவாரங்கள் கரையோரத்தில் இன்னும் தெரிந்த காலம். 'நம்மட' என்ற சொல் அந்தப் பையனின் வாயிலிருந்து யோசனையின்றிப் புறப்பட்டதை நான் மிகுந்த மனநிறைவோடு கேட்டேன்.

நிலூகவின் வாழ்வில் என்னை அதிகம் ஈர்ப்பது அந்த ஒருநாள் வெற்றியன்று, அதற்கு முந்திய தனிமை. வருஷந்தோறும் உள்நாட்டுச் சாம்பியன் பட்டத்தைத் தானே வென்று, தனக்குச் சமானமான எதிராளி ஊரில் இல்லாமற்போன ஒருவன், தன்னை எதைக் கொண்டு தீட்டிக்கொள்வான்? ஆட்டக்காரனை ஆக்குகிறவன் எதிராட்டக்காரன்தான். சீனாவிலும் இந்தோனேசியாவிலும் ஒரே மண்டபத்துக்குள் நூறு பேர் ஒருவரையொருவர் உரசிக் கூர்மை அடைகிறார்கள். கருணாரத்ன குடும்பத்தில் அந்த மண்டபமே வீட்டுக்குள் இருந்தது. தந்தை லூயி கருணாரத்ன பயிற்றுநர், தம்பி தினுக உட்படச் சகோதரர்கள் எதிராளிகள். ஒரு தேசம் செய்ய வேண்டிய காரியத்தை ஒரு குடும்பம் தன் தலையில் ஏற்றுக்கொண்டு செய்தது. இதை நினைக்கும்போது எனக்குப் பெருமிதத்தைவிட ஆதங்கமே மேலோங்குகிறது. ஏனெனில் எங்கள் வளவுகளிலும் கையில் சூட்சுமமும் காலில் துரிதமும் உள்ள பிள்ளைகள் நோன்புக்கு நோன்பு தோன்றி, பெருநாள் பிறை கண்டதும் மட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு, கடைக்கும் கடலுக்கும் கட்டாருக்கும் போய்விடுகிறார்கள்.

லண்டனில் நிலூக ஆடிய இடம் வெம்பிளி அரங்கு. 1934-இல் எம்பயர் பூல் என்ற பெயரில் கட்டப்பட்ட அந்தக் கூடத்திலேதான் 1957 முதல் 1993 வரை ஆல் இங்கிலாந்துப் போட்டிகள் நடைபெற்றன. அப்படியானால், மலேசியத் தமிழர் பஞ்ச் குணாளன் ஆடியதும் அதே கூரையின் கீழ்தான்! 1971-இல் இங் பூன் பீயுடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்ற குணாளன், 1974-இன் தொடக்கத்தில் கிறைஸ்ட்சேர்ச்சில் கொமன்வெல்த் தங்கத்தை எடுத்துக்கொண்டு, சில வாரங்களில் வெம்பிளிக்கு வந்து, ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் இந்தோனேசியாவின் ரூடி ஹர்ட்டோனோவை எதிர்த்து நின்றார். ஹர்ட்டோனோ தொடர்ந்து ஆறு முறை அப்பட்டத்தை வென்றிருந்தவர். முதல் செட் குணாளனுக்கு, 15–8. பிறகு 9–15, 10–15. ஏழாவது பட்டமும் ஹர்ட்டோனோவுக்கே போயிற்று. எங்கள் ஊரில் முத்தையா முரளிதரனைத் தெரியாத குழந்தை இல்லை. குணாளனின் பெயரை அறிந்தவரோ மிகச் சிலர். உலகத்தின் உச்சியில் ஆடிய ஒரு தமிழரைத் தமிழ் பேசும் நாம் இவ்வளவு லகுவாக மறந்துவிட்டோம்.

இந்த இரண்டு வாழ்க்கைகளுக்கும் இடையிலே கூரையைவிட நெருக்கமான வேறொரு சம்பந்தமும் உண்டு. குணாளன் ஆடிய நாளில், பந்தைத் தொடங்கி வைப்பவருக்கு மட்டுமே புள்ளி. எதிராளி வென்றால் தொடங்கும் உரிமை மாறுமேயன்றிக் கணக்கு நகராது. இரண்டு பேர் வியர்வை ஆறாய் ஓட நெடுநேரம் ஆடியும் பலகையில் எண் மாறாமலே நிற்கும். இந்தச் சம்பிரதாயத்தை நீக்கி, ஒவ்வோர் ஆட்டத் துணுக்குக்கும் ஒரு புள்ளி, 21 புள்ளிக்கு ஒரு செட் என்ற முறையை 2006-இல் உலகம் ஏற்கச் செய்ய முன்னின்று வாதாடியவர், பின்னாளில் சர்வதேசச் சம்மேளனத்தின் உப தலைவராயிருந்த அதே குணாளன். பழைய முறையிலே பலவான் தன் பலத்தை நிரூபிக்க வேண்டிய அவகாசம் கிடைக்கும். புதிய முறையிலோ ஓரிரு தவறுகளுக்கும் உடனே விலை கொடுக்க நேரும். பெரிய நாட்டுப் பெரிய ஆட்டக்காரனை ஒரு சின்ன நாட்டு ஆட்டக்காரன் தன் உன்னதமான அரைமணி நேரத்துக்குள் மடக்கிவிட அது வழிவிடுகிறது என்பது என் துணிபு. 21–18, 21–16 என்ற கணக்கில் நிலூகவின் கைத்திறனோடு குணாளனின் பிடிவாதமும் ஒரு பங்கு கலந்திருக்கிறது. அந்த வெற்றிக்கு ஏறக்குறைய இரண்டு வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 15-ஆம் தேதி, நோன்பு முடிவதற்குச் சில நாட்களே எஞ்சியிருக்க, குணாளன் காலமானார்.

தாகோவை வென்ற நிலூக அடுத்த சுற்றில் இந்தியாவின் பாருபள்ளி காஷ்யப்பைச் சந்தித்து, 14–21, 21–15, 9–21 என்று தோற்றார். அந்த வெற்றியால் காஷ்யப் ஒலிம்பிக் பூப்பந்தில் காலிறுதி கண்ட முதல் இந்திய ஆடவரானார். பின்னர் நிலூக ரியோவுக்கும் போனார், முப்பத்தாறாவது வயதில் டோக்கியோவுக்கும் போனார், அத்துடன் விடைபெற்றார். நினைவு கூர்கிறவர்கள் எல்லோரும் தாகோவைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ காஷ்யப்புக்கு எதிரான அந்த இரண்டாவது செட்தான் உயர்வாகப்படுகிறது. தாகோ இவரை அதிகம் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். காஷ்யப் அப்படியல்லர், இவர் யாரை வீழ்த்திவிட்டு வந்திருக்கிறார் என்பதை அறிந்து, சித்தமாக வந்து, முதல் செட்டைத் தயவு தாட்சண்யமின்றி எடுத்துக்கொண்டவர். அப்படி விழித்திருந்த எதிராளியிடமிருந்து, பின்தங்கிய நிலையில், ஆறு புள்ளி வித்தியாசத்தில் ஒரு செட்டைப் பறித்தெடுப்பதற்கு வேண்டிய திராணி, சகோதரர்களோடு ஆடிய ஆயிரம் மாலைகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும்.