நெடுவழி நடையும் பாதம் பேணலும்

நெடுவழி நடப்பதைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் வழியின் அழகையும் உடன் வருவோரின் நட்பையும் எழுதி, நடக்கின்ற காலை மறந்துவிடுகின்றனர். யாம் இக்கட்டுரையிற் காலைப் பற்றியே எழுத எண்ணினோம். திருச்சிராப்பள்ளியினின்று வேளாங்கண்ணி வரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவை, எம் கல்லூரியின் மாணவரும் பழைய மாணவருமாகப் பதினொருவர் ஐந்து நாட்களில் நடந்து சேர்ந்தோம். ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேறிச் செப்டம்பர் 8ஆம் நாள் நிறைவெய்தும் திருவிழாவை நாடி, ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் இவ்வழியே நடக்கின்றனர். எம்முள் வேண்டுதல் உடையாரும் இருந்தனர். நடையின்பம் ஒன்றையே கருதி வந்தாரும் இருந்தனர். இருதிறத்தாருக்கும் கொப்புளம் ஒன்றுபோலவே கண்டது.

சோழநாட்டு வழிகள் காலை வருத்துவது இன்று நேற்று உண்டான செய்தியன்று. கரிகாலனைப் பாடிய முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில், பரற்கல் உறுத்தியதனாற் பாடினியின் அடியில் எழுந்த நீர்க்கொப்புளங்கள் கூறப்பெறுகின்றன. நண்பகலில் அவள் நடையைத் தவிர்த்தமையும் கூறப்பெறுகின்றது. வகுப்பில் அதனைப் பயின்ற காலத்து உவமை நயத்தையே போற்றினோம். இரண்டாம் நாள் வல்லத்துச் செம்மண் மேட்டைக் கடந்து தஞ்சை புகுந்தபோதுதான், அப்புலவர் வழி நடந்தாரின் அடியை அருகிருந்து கண்டவர் என்பது எமக்கு விளங்கிற்று.

கொப்புளம் தோலின் மேற்புறத்து உராய்வினால் மட்டும் உண்டாவதன்று. ஒவ்வோர் அடியிலும் உள்ளே எலும்பு முன்னும் பின்னும் அசைகின்றது. வெளித்தோலோ காலுறையோடு ஒட்டி நின்றுவிடுகின்றது. இடைப்பட்ட அடுக்குகள் இழுபட்டுப் பிரிய, பிரிந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்கின்றது. வியர்வையில் ஊறிய தோலுக்கு இக்கேடு விரைவில் வரும். ஆயினும் கொப்புளம் எழுமுன் அவ்விடம் பெரும்பாலும் சிவந்து சுடும். அச்சூடு தோன்றிய அப்பொழுதே நின்று, பாதரட்சையைக் கழற்றி, காலைத் துடைத்து உலர்த்தி, மருந்துக்கடையிற் கிடைக்கும் ஒட்டுப் பிளாஸ்திரியைச் சுருக்கமின்றி ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் கொப்புளம் எழாமலே போகும். ‘அடுத்த ஊர் வரையிற் பொறுப்போம்’ என்று நடந்தால் அரைமணி நேரத்திற் காரியம் கெட்டுவிடும். நடையின் மற்றெல்லா நுட்பங்களும் இவ்வொன்றிற்குப் பிற்பட்டனவே என்பது எம் துணிபு.

ஆனால் நிற்பது எளிதன்று. இளைஞர்கள் கூட்டமாக நடக்கும்போது, முதலில் ‘சுடுகின்றது’ என்று சொல்ல எவருக்கும் நா எழுவதில்லை. ஆதலின், எவரேனும் ஒருவர் அவ்வாறு சொன்னாற் பதினொருவரும் நிற்பது என்றும், அதனை எவரும் நகையாடலாகாது என்றும் புறப்படுமுன்பே உறுதி செய்துகொண்டோம். துவாக்குடியை அடையுமுன் மூன்று முறை நின்றோம். எம்மைக் கடந்து சென்ற ஒரு கூட்டத்தார், ‘இப்படி நின்றால் அடுத்த திருவிழாவுக்குத்தான் போய்ச் சேருவீர்கள்’ என்று சிரித்தனர். அவருட் சிலரை மறுநாட் காலை செங்கிப்பட்டிக்கு அப்பால், மரநிழலிற் காலை நீட்டி அமர்ந்திருக்கக் கண்டு, எம்மிடமிருந்த பிளாஸ்திரியிற் பாதியைக் கொடுத்து வந்தோம்.

எழுந்துவிட்ட கொப்புளத்தை என்செய்வது? சிறியதாயின் குத்தாமல் மூடிவிடுக. பெரியதாய், நடக்கவொட்டாமல் வலிப்பதாயின், சோப்பும் நீருங்கொண்டு கையையும் காலையும் கழுவி, ஸ்பிரிட்டினால் தூய்மை செய்த ஊசியால் அதன் ஓரத்திற் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் அப்படியே படியவிட்டுத் தூய துணி கட்டுக. அத்தோலே புண்ணுக்கு நல்ல மூடி. கொப்புளத்தில் நூலைக் கோத்து விடும் பழக்கம் வழியெங்கும் காணப்படுகின்றது; அந்நூல் வழியே அழுக்கும் உட்புகுமாதலின் அதனை யாம் ஒப்புவதில்லை. நீரிழிவு உடையார் கொப்புளத்தைத் தாமே குத்துதல் ஆகாது.

பாதரட்சையை மாலை வேளையில் வாங்குதல் நன்று; பகலெல்லாம் நின்று நடந்த கால் அப்பொழுது சற்றே வீங்கியிருக்கும். நெடுவழியிற் கால் இன்னும் வீங்குமாதலின், பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருத்தல் வேண்டும். புதியதை அணிந்து புறப்படுதல் பெருங்கேடு. பல வாரங்கள் அணிந்து பழகியதே வழித்துணையாகும். பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து ஈரத்தைக் காலிலேயே வைத்துக்கொள்ளும். செயற்கை இழையாலோ கம்பளியாலோ ஆன மெல்லுறை மேலானது. மூன்று இணைகள் போதும்: ஒன்று காலில், ஒன்று பையின் மேல் உலர்வதற்கு, ஒன்று இரவுக்கு. நகங்களைப் புறப்படுவதற்குச் சில நாள் முன்னரே நேராக வெட்டிவிடுக.

வெறுங்காலோடு நடப்பதாக வேண்டிக்கொள்வார் பலர். அவர் கருத்தில் யாம் தலையிடோம். ஆனால் வெறுங்கால் நடைக்கும் பல மாதப் பழக்கம் வேண்டும். நண்பகல் தார்ச்சாலை எவர் வேண்டுதலையும் பாராமற் சுடும். இரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் அவ்வாறு புறப்படுதல் தகாது.

தொடையிடுக்கிலும் அக்குளிலும் உண்டாகும் தோலுரிதலைச் சொல்ல நாணி மறைப்பார் உளர். புறப்படுமுன் வாசலின் தடவுவதும், மாலையில் வியர்வை உப்பைக் கழுவி உலர்த்துவதும் அதற்குப் போதிய மருந்து. சுமையைப் பற்றி ஒன்றே சொல்வோம்: வீட்டில் ‘இருக்கட்டும்’ என்று எடுத்து வைத்த பொருள்களைத் தஞ்சையில் ஒரு பெட்டியிற் கட்டித் திருப்பி அனுப்பினோம். குடையையும் துண்டையும் மட்டும் ஒருவரும் அனுப்பவில்லை.

விடியற்காலை மூன்றரை மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் நிறுத்தி, மாலை நான்கு மணிக்கு மேல் மீண்டும் நடந்தோம். நீரைத் தாகத்திற்கேற்பக் குடித்தல் வேண்டும். தாகமின்றியும் வெறும் நீரையே குடம் குடமாகக் குடிப்பது நன்றென்று எண்ணுவார் உளர். அது இரத்தத்திலுள்ள உப்பை நீர்த்துப்போகச் செய்து, தலைவலியும் வாந்தியும் மயக்கமும் விளைத்து, உயிருக்கே தீங்காதலும் உண்டு. உப்பிட்ட மோரும் நீராகாரமும் வழிநடைக்கு ஏற்றவை. வயிற்றுப்போக்குக் கண்டால், 1 லிட்டர் தூய நீரிற் சர்க்கரை 6 தேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும் தலைதட்டி அளந்து கரைத்துச் சிறிது சிறிதாக அருந்துக. வெயிலில் நடப்பவர் ஒருவர் பொருத்தமின்றிப் பேசத் தொடங்கினால், அதனைக் களைப்பென்று விட்டுவிடாமல், நிழலிற் கிடத்தி உடலெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். மற்றொன்று: நடையில் வலி பொறுக்க ஐப்யூபுரோஃபென் போன்ற மாத்திரைகளை விழுங்குவார் பலர். உடலில் நீர் வற்றிய நிலையில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இருளில் நடப்போர் சாலையின் வலப்புறமாக, எதிர்வரும் ஊர்திகளைக் கண்டவாறு செல்லுதல் வேண்டும். முன்செல்வோர் கையிலும் பின்வருவோர் கையிலும் டார்ச் விளக்கும், முதுகில் ஒளி திருப்பும் பட்டையும் இருத்தல் இன்றியமையாதது. புண் ஆறும், சாலையில் நேர்வது அவ்வாறன்று.

எம்முடன் வந்த பழைய மாணவர் ஒருவர் அறுபதை அணுகியவர். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். செருப்பின்றி நடப்பதாக நேர்ந்துகொண்டு வந்திருந்தார். எம்முள் மருத்துவம் பயின்ற தம்பி ஒருவர், புறப்பட்ட அன்று அவரைக் கண்மூடச் செய்து, இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனிகளை இலேசாகத் தொட்டு, தொடுந்தோறும் சொல்லுமாறு வேண்டினார். ஆறு தொடுகைகளில் மூன்றைப் பெரியவர் அறியவில்லை. இரண்டு தவறினாலே பாதத்தின் உணர்ச்சி குறைந்துள்ளது என்று கொள்ளுதல் வேண்டும்.

“ஐயா, மற்றவர்களுக்குக் கால் சுட்டால் நிற்போம். உங்களுக்குச் சுடுவதே தெரியாது” என்றார் அத்தம்பி.

“மாதாவிடம் சொல்லிவிட்டேனே, தம்பி” என்றார் பெரியவர்.

நெடுநேரம் பேசியபின், பாதரட்சை அணிவதற்கும், தங்குமிடந்தோறும் பிறரொருவர் தம் பாதத்தைப் பார்ப்பதற்கும் இசைந்தார். தொலைநடை இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைக்குமாதலின் அவர் பையிற் சர்க்கரைப் பொட்டலமும் இருந்தது. நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி உண்ணும்படி ஏற்பாடு. மூன்றாம் நாள் மாலை நீடாமங்கலத்தில் அவருடைய பாதரட்சையைக் கவிழ்த்து உதறியபோது, உளுந்தளவு கல் ஒன்று விழுந்தது. உள்ளங்காலில் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் தோல் கன்றிச் சிவந்திருந்தது. எத்துணைத் தொலைவு அதன்மேல் நடந்தாரென்பது அவருக்கே தெரியாது. கல்லை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். யாம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலை, தாம் கொணர்ந்த மெழுகுதிரியை எம்முள் இளைய மாணவனிடம் கொடுத்து, “நீ நடத்திக் கொண்டுவா, தம்பி” என்று சொல்லிப் பேருந்தில் ஏறினார். திருவாரூர், கீழ்வேளூர் வழியே அம்மாணவன் அதனைத் துண்டிற் சுற்றி, முறியாமற் கொண்டுசேர்த்தான். வேளாங்கண்ணியில் எமக்கு முன்னரே வந்து காத்திருந்த பெரியவரின் காலில் அச்சிவப்புத் தணிந்திருந்தது.

சேர்ந்த பின்னரும் காலைக் கவனித்தல் வேண்டும். கடலாடியவர் நல்ல நீராற் புண்ணைக் கழுவி உலர்த்துக. கறுத்துப்போன நகம் பல மாதங்களில் வளர்ந்து தானே மாறும். அதனைப் பிடுங்க வேண்டா. புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, சீழோ காய்ச்சலோ கண்டாலோ மருத்துவரிடம் செல்க. ஈரமான பாதரட்சையை வெயிலிற் காய வைத்தால் ஒட்டு விடும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் வைத்து, தாள் நனைந்தவுடன் மாற்றுக.