கருவியும் தவணையும்

சாயர்புரத்தில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், வட்டித் தவணையில் சின்தசைசர் வாங்கலாமா என்று கேட்டார். இசையைக் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வட்டி ஹராம் என்பதில் வேறுபாடே இல்லை. இரண்டையும் மறைக்காமல் சொன்னோம்.

பின்னர் அவருடைய தேவையைக் கேட்டோம். “கமகம் வேண்டும், ஹஜ்ரத்” என்றார். கீபோர்டின் கட்டைகள் சுரங்களைத் தனித்தனியே நிறுத்துபவை. அவற்றை இழைக்க, ‘பிட்ச் வீல்’ எனும் சிறு சக்கரமே துணை. எனவே ஓசைகளின் எண்ணிக்கையைவிட, அச்சக்கரம் கைக்கு இசைகிறதா என்பதே முதற்சோதனை. ‘டெல்லி-6’ (2009) படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் ஏ.ஆர்.ரஹ்மான் வாசித்த கான்டினூம் கருவியில் கட்டைகளே இல்லை. விரல் வழுக்கிச் செல்லும்.

1976-இல் தந்தை மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டே ரஹ்மானின் குடும்பம் வாழ்ந்தது. “நீங்களும் முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், சேமித்து வாங்கும்வரை விரல்களும் பழகும்” என்றோம். அல்லாஹ் நம் வீடுகளை வட்டியிலிருந்து காப்பானாக.